நான் அழிக்கச் சொன்ன குரல்

அந்தப் பாட்டை நான் திருடினேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்திருப்பீர்கள். பொய்!

அதைக் கட்டியவள் செல்வமேரி. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவள். பெண்ணையாற்று வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்தபின், அவனை நினைத்து அவளே சொல் சேர்த்து, அவளே மெட்டுப் போட்டுப் பாடியது. ஒருநாள் மகள் அமலாவோடு விழுப்புரத்திலுள்ள என் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

"எம்புள்ள பேரு நாலு பேரு காதுல உழணும் சார்."

நான் என்ன செய்தேன்? வேறொரு பாடகியைப் பாடவைத்தேன். செல்வமேரியின் பதிவை அழித்தேன். இணையத்தில் பாடல்களை வெளியிடும் ஒரு நிறுவனத்தின் படிவத்தில், சொல்லும் மெட்டும் என்னுடையவை என்று ஒப்பமிட்டேன். ஆதாரம் கேட்பார்களோ என்று நடுங்கினேன்… எவரும் கேட்கவில்லை!

பாட்டு பரவியது. திண்டிவனத்தில் மேடையேற்றி, 'கவிஞர்' என்றார்கள். மறுக்க வாய் வரவில்லை. வரவில்லையா, வேண்டாமென்று இருந்தேனா?

பிறகு செல்வமேரி காய்ச்சலில் இறந்தாள். அம்மா வீட்டில் பாடியதை அமலா முன்பே கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தாள். அதை இணையத்தில் ஏற்றினாள். மெட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம் மறுநாளே அதை முடக்கிவிட்டது.

விவரம் தெரிந்தவன் என்று நம்பி, என்னிடமே ஓடிவந்தாள்.

"அண்ணா, அது எங்கம்மா பாட்டு இல்லியாம்! காப்பிரைட்டாம். ஏதோ கம்பெனி பேரு போட்டு மெயில் வந்திருக்குது. என்னான்னு பாருங்கண்ணா."

பார்த்தேன். மெயிலில் நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது, என் பெயர் இல்லை. படம் எடுத்த தேதி, நான் படிவம் நிரப்பியதற்கு முந்தையது. அது ஒன்றே போதும், ஆட்சேபித்தால் அவள் வெல்வாள். நான்…

"பெரிய கம்பெனிம்மா. கேஸு, கோர்ட்டுன்னு இழுப்பாங்க. அழிச்சிடு."

"போன்லகூட வெச்சிக்கக் கூடாதாண்ணா?"

"வேணாம். பேஜாரு."

அழுதுகொண்டே அழித்தாள். எங்கேனும் மிச்சமிருக்குமோ என்று பயந்து கைப்பேசியை நீட்டினாள். தேடித் தேடி, மிச்சத்தையும் நானே துடைத்துக் கொடுத்தேன்!

இணையக் காலத்துக்கேற்பப் பதிப்புரிமைச் சட்டம் மாறிவருகிறதாம். மாறட்டும்! எந்தத் திருத்தம் அந்தக் குரலைத் திருப்பித் தரும்? இன்றைய சட்டப்படி, நான் செத்து அறுபது ஆண்டுகள் வரை அந்தப் பாட்டு என் வாரிசுகளுக்கு. அமலாவுக்கு?

போன மாதம் மறுபடி வந்தாள். அம்மாவின் நினைவு நாள் செபத்தில் பாட்டைப் போட வேண்டுமாம்.

"நீங்க வேற பாடகிய வெச்சி ரெக்கார்டிங் பண்ணதுதான் இருக்குது. அதப் போட்டா மறுபடியும் ஏதாச்சும் மெயில் வந்துடுமோன்னு பயந்துக்கினு இருக்கேன். நீங்க பர்மிஷன் குடுங்கண்ணா…"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாய் திறந்தேன்.

"போட்டுக்கோம்மா," என்றேன்.

"ரொம்ப நன்றிங்கண்ணா," என்று கைகூப்பினாள். நான்… அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டேன்.