கொட்டச்சேட்டு நத்தைகள் எந்த மலையைச் சேர்ந்தவை?

காலை ஏழு மணிக்குச் சேலத்தில் குப்பனூர் வழிப் பஸ்ஸில் ஏறினேன். என் தவறைத் தேடித்தான் போகிறேன் என்று நினைப்பு.

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே இன்று வெயில் காயும் சமவெளி. மழை மிகுந்த பழங்காலத்தில் அங்கும் காடு படர்ந்து, நத்தைகள் இரு பக்கமும் போய்வந்திருக்கலாம். வறட்சி வந்ததும் ஈரம் மலைகளில் ஒதுங்கியது; ஒவ்வொரு மலையும் தீவானது. அந்தப் பிரிவை நத்தைகளின் மரபணுவில் தேடுவதே என் ஆய்வு. போன ஆண்டு சேர்வராயன் மலையின் செம்மநத்தத்தில் எடுத்தவை தனி மரபுவழியாக நின்றன. அதே மலையின் கொட்டச்சேட்டு நத்தைகளோ கொல்லிமலை நத்தைகளோடு சேர்ந்துகொண்டன.

"நத்தை போட்ட குப்பியை மாத்தியிருப்பே. மறுபடி எடுத்துட்டு வா" என்றார் பேராசிரியர். எனக்கும் அந்தப் பயம்தான்.

எட்டரைக்குக் கொட்டச்சேடு. தூறல் விட்டிருந்தது. எஸ்டேட்டில் மிளகு பறிக்கும் பழனியம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏனுங்க, மறுபடியும் நத்தைங்களா?"

கொல்லிமலைக் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"இந்த மொளகுக் கொடியே அங்கிருந்து வந்ததுதானுங்க. மண்ணோட லாரில வந்துச்சு. நாந்தானுங்க எறக்கி நட்டேன்."

அப்படியானால் நத்தைகளைக் கொண்டுவந்தது பழங்கால மழை அல்ல, லாரியா? நிம்மதியா, ஏமாற்றமா என்று புரியவில்லை.

"அதுக்கு முன்னாடி இங்கே நத்தை இல்லையாங்க?"

"இருந்துச்சுங்க. மேல பாறை இடுக்குல அப்பல்லாம் நொம்பக் கெடக்கும். இதே நத்தையான்னு கேட்டா எப்படிங்க சொல்றது?"

ஏறிப் பார்த்தோம். பதினொரு மணிவரை தேடி இரண்டே இரண்டு கிடைத்தன. ஓட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. குப்பியில் எழுதிய இடப்பெயரை இருவரும் சரிபார்த்துத் தனித்தனி ஆல்கஹால் குப்பிகளில் இட்டோம். கீழே மிளகுக் கொடியடியிலும் சில எடுத்தேன்.

மதியப் பஸ்ஸில் மலையிறங்கும்போது வளைவுகளுக்குக் கீழே சமவெளி தெரிந்தது. எத்தனையோ காலம் நத்தையைத் தடுத்த அந்த வெயிலை லாரி அரை நாளில் கடந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. மிளகடி நத்தைகள் கொல்லிமலை மரபுவழிதான்; குப்பி மாறவில்லை. பாறை நத்தைகளில் ஒன்று செம்மநத்தம் மரபுவழி, மற்றது கொல்லிமலை மரபுவழி. அந்த இரண்டாவது லாரியில் வந்து மேலேறியதா, பழைய காட்டின் மிச்சமா?

பழனியம்மாவுக்குப் போன் செய்தேன். "இன்னும் கொஞ்சம் வேணுங்க, அந்தப் பாறையிலேயே."

"தெனமும் பாக்கறேனுங்க" என்றார். "அங்க மிச்சம் இருந்ததே அந்த ரெண்டுதானாட்டம் இருக்குதுங்க."