ஆள் இல்லாத குரூப்

பொன்னுத்தாயி அக்காவின் போனில் ‘கேஸ் புக்கிங்’ என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதில் அவளைத் தவிர ஆளே கிடையாது. வீட்டில் ஒருத்தரும் திறந்து பார்க்கக்கூடாது என்று அவளே யோசித்து வைத்த பெயர் அது. தங்கச்சியைச் சேர்த்து உடனே நீக்கிவிட்டால் குரூப் நமக்கு மட்டும் மிஞ்சும் என்று வழி சொன்னது மட்டும் நான்.

மானகிரிப் பக்கம் பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே நான் வரவேற்பில் இருக்கிறேன். அக்காவுக்கு அறைகளைச் சுத்தம் செய்து விரிப்பு மாற்றும் வேலை. மேனேஜர் வெங்கட்ராமனுக்கு எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அறையில் தங்கியிருந்த ஒரு அம்மா வளையலைக் காணோம் என்றதும், அக்காவை முற்றத்தில் நிறுத்திப் பையைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொன்னார். டிபன் டப்பா, குன்றக்குடி விபூதிப் பொட்டலம், மாற்று உள்ளாடை, வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் அவள் போட்டுவந்த சுகர் மாத்திரை எல்லாம் தரையில் கிடந்தன. கூட வேலை பார்க்கிற பதினோரு பேர் சுற்றி நின்று பார்த்தோம். நானும் அதில் ஒருத்தி. மறுநாள் வளையல் அந்த அம்மாவின் பெட்டியிலேயே கிடைத்தது. சரி, வேலையைப் பார் என்றார் மேனேஜர். மன்னிப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா துணி மடிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மேனேஜரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டி அந்தக் குரூப்பில் குரல் பதிவாகப் போட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருவாள். பாரம் இறங்குகிறதே என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது.

போன பங்குனியில் மேனேஜருக்கு இரண்டாவது ஓட்டலையும் சேர்த்துக் கொடுக்க முதலாளி முத்தப்பன் நினைத்தார். அதற்கு முன்னால் சென்னையிலிருந்து நேரில் வந்து எங்களையெல்லாம் விசாரிக்கப் போவதாகச் சொல்லியனுப்பினார். அக்கா காத்திருந்த நாள் அதுதான். ஆத்திரத்தைக் கிளப்பிக்கொள்ளப் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டாள். முதல் பதிவில் குரல் நடுங்கியது. நூறாவதில் காக்காய் விரட்டுகிற குரல். கடைசிப் பதிவில் திட்டிக்கொண்டே கொட்டாவி விட்டிருந்தாள். அன்று காலையில்தான் வெயிலில் வந்த மேனேஜருக்குக் கேட்காமலே மோர் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

அக்கா பயந்துபோனாள். “எல்லாத்தையும் இதுலயே கொட்டித் தீத்துப்புட்டேன் பிரியா. மொதலாளி முன்னாடி நிக்கையில எங்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்?” என்றாள்.

என் கண்ணெதிரிலேயே குரூப்பை அழித்தாள். அதன்பிறகு பதினெட்டு நாள் யாரிடமும் மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. அவரைப் பார்த்தால் உதடு துடித்தது. விட்டுவிடலாமே அக்கா என்று ஒருநாள் சொல்லிப்பார்த்தேன். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். அவள் விடாததில் உள்ளூர எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

முதலாளி வந்தார். அதே முற்றத்தில் எல்லாரும் நின்றோம். மேனேஜர்மேல் குறை ஏதும் உண்டா என்று கேட்டார். பதினோரு பேரும் தரையைப் பார்த்தோம். அக்கா மட்டும் முன்னால் போய், நடுங்குகிற குரலில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அதற்கு இப்போது என்ன செய்யவேண்டும் என்று முதலாளி கேட்டார்.

“அவுக பையை இங்கனயே கவுக்கச் சொல்லுங்க. ஒண்ணும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு என் பையிலயும் ஒண்ணும் இல்ல.”

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். முதலாளி சிரிக்கவில்லை. பை கவிழ்ந்தது. சீப்பு, தலைச்சாயப் பாக்கெட், பாதி தின்ற பிஸ்கட், மூலத்துக்குப் போடுகிற களிம்பு. சமையல்கட்டுப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இரண்டாவது ஓட்டல் அவருக்குக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மனசு ஆறிவிட்டதா என்று அக்காவிடம் கேட்டேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“அவுக விஷயம் முடிஞ்சுபோச்சு. அன்னைக்குச் சுத்தி நின்னு பாத்த பதினோரு பேரும் இன்னைக்கும் அதே மாதிரிதான நின்னீக. உங்கள என்ன செய்யணும்னு இனிமேத்தான் யோசிக்கணும்.”

பஸ் வந்தது. அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. நான் போய் உட்காரவில்லை.