உப்புப் பாதையில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு

அரியாலையிலிருந்து காலையில் பட்டணத்துக்குப் போகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஏழு மணி பஸ் எங்கள் தரிப்பில் நிற்காது. ஏழேகால் பஸ் நின்றாலும் கால் வைக்க இடமிராது. லொறியும் சைக்கிளும் மாட்டுவண்டியும் கண்டி வீதியில் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும்.

அதனால்தான் முன்பு உப்பு ஏற்றிய சிறு ரயில் பாதையைத் திரும்பத் திறக்கலாமா என்று பார்க்க எங்கள் அலுவலகத்துக்குச் சொன்னார்கள். அந்தக் கோப்பு இன்னும் முடிவாகவில்லை. நான் அப்போது படவரைஞராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். பாதை நெடுக அகலத்தை அளந்து, குறுக்கே நிற்பவற்றைப் பட்டியலிட வேண்டும். பட்டியல் போடுவது எனக்குப் பிடிக்கும். ஒன்று, பூவரசு. இரண்டு, ஆட்டுக்கொட்டில். மூன்று, காயப் போட்ட மீன்வலை. வலையைச் சுருட்டி எடுத்துவிடலாம் என்பதால் பிறகு அதை நீக்கினேன்.

தண்டவாளம் எப்போதோ போய்விட்டது. இரண்டு கல் மதகுகள் மட்டும் மிச்சம். அவற்றின் நடுவைக் கயிற்றால் இணைத்தால் பழைய பாதையின் நடுக்கோடு கிடைக்கும். வரைபடத்தில் பாதையின் அகலம் முப்பத்துமூன்று அடி; நிலத்தில் பதின்மூன்று. காரணம் எங்களூர் வேலி. வருடா வருடம் வேலி அடைக்கும்போது வேலிக்கம்பை, அதாவது கதியாலை, நாலு விரல் தள்ளி நடுவது இங்கே யாருக்கும் களவாகத் தோன்றுவதில்லை. அதுவும் அடுத்த பக்கம் அரசாங்கத்தின் காணி என்றால் கேட்க ஆளில்லை. நாற்பது வருடத்தில் இரு பக்க வேலிகளும் நெருங்கி, பாதை குறுகி வெறும் ஒழுங்கையாகிவிட்டது.

வடக்குப் பக்க வீடு ஒரு ரீச்சருடையது. ரயில் கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் அவர்தான். மனுவில் முதல் பெயரும் அவருடையது. பஸ் கிடைக்காமல் பிந்திப் போய், பள்ளிக்கூட வரவு இடாப்பில் சிவப்புக் கோடு வாங்கி அலுத்தவர். எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு நின்றார்.

அளவுச் சங்கிலி பிடிக்க என்னோடு வந்த அண்ணை வேலிக்குள்ளால் அளந்துகொண்டு போனார். பாதையின் எல்லை முளை அடிக்க வேண்டிய இடம் கிணற்றுக்கும் அப்பால், குசினிப் படியடியில் வந்தது.

"ரீச்சர், உங்கடை கிணறு கோச்சிப் பாதைக்குள்ளை நிக்குது," என்றார். ரயில் இங்கே எல்லோருக்கும் கோச்சிதான்.

ரீச்சரின் முகம் சுருங்கியது. "மாமா வெட்டின கிணறு. இந்த ஒழுங்கையிலை நல்ல தண்ணி இது மட்டுந்தான். மற்றதெல்லாம் உவர். நாலு வீடு இதிலைதான் அள்ளுது."

எதிர்வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. முன்வீட்டு ஐயா. "உன்ரை மாமன்ரை கதியாலுக்குக் கால் முளைச்சது எனக்கு அப்பவே தெரியும் பிள்ளை!"

"உங்கடை கதியாலும் நடந்துதான் வந்திருக்கு, ஐயா," என்றார் அண்ணை. "அதுவும் பத்தடி."

தலை மறைந்தது.

நான் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றேன். எழுதினால் கிணற்றைத் தூர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வரலாம். எழுதாவிட்டால் நாளைக்கு வரும் எஞ்சினியர் கண்டுபிடிப்பார். பட்டியல் முழுவதுமே பொய்யாகும்.

"ஏன் பிள்ளை யோசிக்கிறீர்?" என்றார் ரீச்சர். "மனுவிலை என்ரை பேரை நான் வெட்டமாட்டன். நீரும் லிஸ்ட்டிலை என்ரை கிணத்தை வெட்டவேண்டாம். எழுதும்."

சொன்னவர் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

எழுதினேன். பதினேழு, கிணறு. குறிப்பு என்ற பகுதியில் வழமையாக எதுவும் எழுதுவதில்லை. அன்று எழுதினேன்: குடிதண்ணீர். நாலு வீட்டார் அள்ளுவது. பாதையை ஆறடி தெற்கே நகர்த்தினால் கிணறு தப்பும். தெற்கே வாழை மட்டுமே. ரீச்சருக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

தலை திரும்பவும் வந்தது. "ஆரின்ரை வாழை? என்ரை வாழையோ?"

"ஓம் ஐயா," என்றேன்.

ரீச்சர் வேலிப்பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் காலமை குடிச்ச தேத்தண்ணி எந்தக் கிணத்துத் தண்ணி?"

ஐயா தன் வாழைகளைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு குலை தள்ளியிருந்தன.

"எத்தினை அடி எண்டு எழுதினீர்?"

"ஆறு."

"எட்டெண்டு எழுதும். கோச்சி ஆடி ஆடித்தான் வரும்."

ஆறை அடித்துவிட்டு எட்டு என்று எழுதி, பக்கத்தில் கையொப்பமிட்டேன்.