பாஸ்கர் அண்ணன் வேனும் பித்தளை ஃபியூஸும்

கார் ஆடியோ கடையில் வேலை என்றால் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஜாலியாக இருக்கலாம் என்று நினைக்கிறவர்கள், கும்பகோணத்தில் எங்கள் கடைக்கு வந்து ஒரு வாரம் நின்று பாருங்கள். பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் இங்கே சேர்ந்தேன். அங்கே சொன்ன கணக்கு எனக்குப் புரியவில்லை. இங்கே நான் சொல்கிற கணக்கு எவருக்கும் புரிவதில்லை. மோட்டார் ரிப்பேரோ, செல்போன் கடையோ, ஒயரைத் தொட்டுப் பிழைக்கிற எல்லோரும் இதைப் பட்டிருப்பீர்கள். சேர்ந்தே வயிறெரியலாம், வாருங்கள்.

பெட்டி மேல் எழுதின வாட்ஸ்

கார்க்காரர் ஒருவர் ஆன்லைனில் ஆம்ப்ளிஃபயர் வாங்கி எங்களிடம் மாட்டிக்கொண்டு போனார். பெட்டியில் மூவாயிரம் வாட்ஸ் என்று தங்கக் கலரில் அடித்திருந்தது. மறுநாளே வந்து, சத்தம் பத்தவில்லை, மாட்டினவனைக் கூப்பிடு என்று குதித்தார். மாட்டினவன் நான்தான். ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் இருந்ததே ஒரு முப்பது ஆம்பியர் ஃபியூஸ். கார் பேட்டரி பன்னிரண்டு வோல்ட். இரண்டையும் பெருக்கினால் முந்நூற்று அறுபது. அதற்கு மேல் தொடர்ந்து இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். மூவாயிரம் வானத்திலிருந்தா வரும்? பெட்டி பொய் சொல்லும், ஃபியூஸ் சொல்லாது சார் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவ்ளோ பெரிய கம்பெனிக்காரன் பொய்யா எழுதுவான்? மொதல்ல நீ பத்தாவது பாஸா ஃபெயிலா, அதச் சொல்லு."

நாலு சப்வூஃபர் கேட்டவர்

நாகப்பட்டினம் பக்கத்து ஆள். சொந்தமாக லோடு வண்டி வைத்து, திருவிழா ஊர்வலத்துக்குப் பாட்டுப் போடுகிறவர். ஒரே ஆம்ப்ளிஃபயரில் ஏற்கெனவே இரண்டு சப்வூஃபர். இன்னும் இரண்டை அதிலேயே கோர்த்துவிடு என்றார். ஒவ்வொன்றும் நாலு ஓம். இரண்டைப் பக்கம் பக்கமாகக் கோர்த்தால் இரண்டு ஓம். அந்த ஆம்ப்ளிஃபயர் தாங்குவதே அவ்வளவுதான். நாலையும் கோர்த்தால் ஒரு ஓம். ஓம் குறையக் குறைய கரண்ட் அதிகமாகப் பாயும், சூடேறிக் கருகிவிடும் என்று மூன்று தரம் சொன்னேன். ஏறவில்லை. ஊரில் விவசாயமும் பார்க்கிறவராச்சே என்று, "ஒரே வாய்க்கால்ல இருக்கிற மடை எல்லாத்தையும் தொறந்துவிட்டா, வேகம் தாங்காம கரை உடையாதா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

"வாய்க்கால் தண்ணியே வந்து சேராத கடமடக்காரன்கிட்ட வந்து தண்ணி ஜாஸ்தியாயி கரை உடையும்னு சொல்ற பாரு, நீ தைரியசாலிதான் தம்பி."

ஆயுசுக்கும் போகாத ஃபியூஸ்

இனிமேல் வருவதெல்லாம் பாஸ்கர் அண்ணன் கதை. எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற பெண்களை வேனில் ஏற்றிவருகிறவர். அந்த வேனில்தான் என் அக்கா கவிதா தினமும் வருகிறாள். பக்கத்து ஊர் வேனில் சப்வூஃபர் இருக்கிறது என்பதற்காக இவரும் வேறெங்கோ மாட்டிக்கொண்டார். ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்ததால் எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். பார்த்தேன். பேட்டரியிலிருந்து பின்னால் போகிற ஒயர், சீட்டுக்கு அடியில் இரும்பில் உரசித் தோல் போயிருந்தது. தரையில் விரித்த ரப்பர் மேட்டைத் தூக்கி ஒயரை மாற்ற அரை நாள் ஆகும் என்றேன். அரை நாள் வண்டியை நிறுத்த முடியாதாம்.

அடுத்த வாரம் ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பித்தளைத் தகடு. சரியான நீளம், இரண்டு ஸ்க்ரூவுக்கும் ஓட்டை, கண்ணாடி மாதிரி பாலிஷ். குத்துவிளக்கில்கூட அவ்வளவு பளபளப்பு இருக்காது. ஒயர் எங்காவது இரும்பில் பட்டால் ஃபியூஸ் எரிந்து கரண்டை நிறுத்திவிடும். இந்தத் தகடு எரியாது. ஒயர்தான் எரியும், அதன் மேல் சீட்டு, சீட்டின் மேல் என் அக்கா. வாய் கிழியச் சொன்னேன். அவர் தகட்டை விரலால் சுண்டிக் காட்டினார்.

"எங்க மச்சான் பட்டறைல ஸ்பெஷலா வெட்டுனது. ஒன் கடை ஃபியூஸ் மாதிரி வாராவாரம் சாவாது, ஆயுசுக்கும் நிக்கும்."

நடந்தா போறது?

அன்றைக்கே அக்காவிடம் அந்த வேனில் ஏறாதே என்றேன். டவுன் பஸ் வருகிற நேரத்துக்கு வந்தால், கடையில் லேட் என்று சம்பளத்தில் பிடிப்பார்கள். அவளுக்கு மட்டும் பயமில்லையா என்ன? காலுக்கடியில் சுடுகிறது என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தாள்.

"நீ கண்டுபிடிச்சிட்டேங்கிறதுக்காக நான் நடந்தா போறது?"

யார் பித்தளை?

பாஸ்கர் அண்ணன் வேனை எங்கள் கடையோரம் நிறுத்திவிட்டு எதிரே டீ குடிக்கப் போன நேரத்தில் தகட்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நல்ல ஃபியூஸை மாட்டிவிட்டேன். மறுநாளே அது போனது. போக வேண்டும், அதற்குத்தானே இருக்கிறது! பாட்டு நின்றதும் அவர் நேராகக் கடைக்கு வந்து என் சட்டையைப் பிடித்தார். முதலாளி செந்தில் அண்ணன் என் பாக்கெட்டில் கைவிட்டு, தகட்டை எடுத்து, துணியால் துடைத்துக் கொடுத்தார். துடைத்து! அந்த வேனில் எங்க அக்கா வருதுண்ணே என்று கத்தினேன்.

"அவரு வண்டி, அவரு பித்தளை. கஸ்டமர் பொருளத் தொடாதடான்னு எத்தன தடவ சொல்றது?"

சேறு

நாலைந்து நாளில் காலை வேளையில் ஓடுகிற வேனில் சீட்டுக்கடியில் புகை, அப்புறம் தீ. பெண்கள் எல்லோரும் குதித்துவிட்டார்கள். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து சேற்றை அள்ளி அடித்து அணைத்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறவள். உருகின ரப்பர் மேட்டில் மிதித்து இரண்டு உள்ளங்காலும் வெந்துவிட்டது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. நிற்க முடியாதவளுக்கு அங்கே இடமில்லை, வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

வேனை இழுத்துவந்து எங்கள் கடை வாசலில்தான் விட்டார்கள். சீட்டு இல்லை, மேட் இல்லை, ஒயர் கரி. பாஸ்கர் அண்ணன் சேற்றைச் சுரண்டித் தகட்டைக் கழற்றினார். இப்போதாவது புரிந்திருக்கும் என்று நின்றேன். அவர் அதை வேட்டியில் துடைத்து வெயிலில் காட்டினார்.

"பாத்தியா தம்பி, வண்டியே எரிஞ்சிருக்கு, எங்க மச்சான் பித்தளைக்கு ஒரு கீறல் விழுந்திருக்கா பாரு!"

ஃபியூஸ் எரிந்தால் எங்கள் சட்டையைப் பிடிக்கிறவர்கள், வண்டி எரிந்தால் மட்டும் கண்திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போகிறார்கள்.