அம்புக்குறி காட்டிய உப்பளம்

1. கடல் இல்லாத ஊருக்கு

முதல் நாளே என் தண்ணீர் லாரியைக் கடல் இல்லாத ஊருக்குப் போகச் சொன்னது அந்தப் பெட்டி.

2005ஆம் வருடக் கோடை. சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கு மரக்காணத்துக்குத் தெற்கே தகரக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். அங்கே எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். குடிதண்ணீர் கொண்டுபோகும் பொறுப்பை ஒரு தொண்டு நிறுவனம் எடுத்திருந்தது. நான் அவர்களுடைய டிரைவர். திண்டிவனத்துக்காரன் என்பதால் கடற்கரை ஓரம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி கமலக்கண்ணன் சார், திண்டிவனத்தில் தண்ணீர் ரொப்பிக் கிளம்பும்போது முன் கண்ணாடியில் ஒரு நேவிகேஷன் பெட்டியை ஒட்டினார். "கேம்ப்போட லாட்டிட்யூட், லாங்கிட்யூட் நம்பரைப் போட்டாச்சு. அம்புக்குறி காட்டுற பக்கம் போனா போதும். வழியில ஒருத்தரையும் கேக்க வேணாம்" என்றார்.

நான் பார்த்தேன். அம்பு தென்மேற்கே காட்டியது.

"சார், இது விக்கிரவாண்டி பக்கமில்ல போவச் சொல்லுது?"

"சொன்னா போங்க. சாட்டிலைட் பொய் சொல்லாது."

"அங்க கடலே கிடையாதே சார்."

அவர் பெட்டியைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஆபீசுக்குப் போன் போட்டார். விஷயம் இதுதான். அவர் கையிலிருந்த நம்பர் டிகிரி, நிமிஷம், செகண்டு கணக்கில் இருந்தது. பெட்டி எதிர்பார்த்தது புள்ளிக் கணக்கு. ஏழே முக்கால் மணியை நாம் 7.45 என்று எழுதுவோம். கால்குலேட்டருக்கு அது 7.75. அதே குழப்பம்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சார் நம்பரை மாற்றிப் போட்டதும் அம்பு திடீரென்று கிழக்கே திரும்பிக்கொண்டது என்பதுதான்.

2. அறுநூறு மீட்டர்

மரக்காணம் தாண்டி ஈசிஆர் கடற்கரைச் சாலையில் தெற்கே போகையில் அம்பு இடது பக்கம் காட்டியது. உப்பு ஏற்றும் லாரிகள் போகிற மண்பாதை ஒன்று இருந்தது. திருப்பினேன். உப்புக் குவித்து வைத்திருந்த களம் வரைக்கும் பாதை கெட்டியாக இருந்தது. அதற்கு மேல் ஒடுங்கிப் போய்விட்டது.

"சார், யாரையாவது கேட்டுட்டுப் போலாமா?"

"இன்னும் அறுநூறு மீட்டர்தான்பா. அதோ பாருங்க, கொட்டகையே தெரியுது."

தெரிந்தது உண்மைதான். தகரம் வெயிலில் மின்னியது. ஆனால் நடுவில் இருந்ததெல்லாம் உப்புப் பாத்தி. பெட்டிக்கு அந்த இடத்தில் ரோடும் தெரியாது, பாத்தியும் தெரியாது. வெறும் வெள்ளைத் திரையில் ஓர் அம்பு. அதை நம்புவதா, என் கண்ணை நம்புவதா என்று யோசிப்பதற்குள் பின்சக்கரம் வரப்போரத்தில் இறங்கிவிட்டது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, லாரி அப்படி நின்றது.

சார் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வால்வைத் திறந்து தண்ணியை விட்டுடுங்க. வெயிட்டு கொறஞ்சா வண்டி ஏறிடும்" என்றார்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வால்வில் கை வைத்தேன்.

"டேய்! கைய எடுடா!"

உப்பு வாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வரப்பில் ஓடிவந்தார். பெயர் அஞ்சலை. அந்தப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்தவர்.

"அது நல்ல தண்ணியா? பாத்தியில வுட்டா உப்பு மொத்தமும் கரைஞ்சிடும்யா! அலை வந்து சேறாக்கிட்டுப் போனதை நாலு மாசமா வெட்டி, மிதிச்சு, இப்பதான் மொத உப்பு எடுக்கப் போறேன். தொறந்தீன்னா நான் இந்தச் சேத்துலயே வுழுந்து சாவறேன்!"

சொல்லும்போதே அழுதுவிட்டார். நான் கையை எடுத்துவிட்டேன். தண்ணீரைக் கொட்டினால் இந்த அம்மாள் பிழைப்பு போகும். கொட்டாவிட்டால் வண்டி நகராது. கொட்டகைக்காரர்களுக்கோ கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. சார் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அது இன்னமும் அறுநூறு மீட்டர் என்றது.

3. வரப்பில் வந்த குடங்கள்

அதற்குள் லாரியைப் பார்த்துவிட்டுக் கொட்டகையிலிருந்து பெண்கள் குடங்களோடு வரப்பின்மேல் வர ஆரம்பித்தார்கள். எங்கள் குழப்பத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வரவில்லை. தண்ணீர் பிடிக்க வந்தார்கள், அவ்வளவுதான். அஞ்சலையம்மாள் பலகையைக் குறுக்கே நீட்டினார்.

"ஒத்தை ஒத்தையா வாங்க. தளும்பத் தளும்ப ரொப்பாதீங்க. பாத்தியில சிந்துச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

தண்ணீர் சிதறாமலிருக்கக் குழாயின் வாயில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு நான் குடம் குடமாக ரொப்பினேன். முக்கால் குடம்தான். சார் முழுக்கால் சட்டையை மடித்துவிட்டு, வரப்பு வழுக்குகிற இடத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் அப்போது பாதி போய்விட்டது.

டேங்க் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில், அவ்வளவு நேரம் காவல் நின்ற அஞ்சலையம்மாள் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு என் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கும் ஒரு கொடம் வுடுப்பா."

"இந்தத் தண்ணிதானம்மா ஆகாதுன்னீங்க?"

"பாத்திக்குத்தான் ஆகாது. தொண்டைக்குமா ஆகாது? காலையிலிருந்து வெயில்ல நிக்கிறேன், இங்க எங்களுக்கு எவன் தண்ணி கொண்டாறான்?"

அங்கேயே நின்று குடத்தைச் சாய்த்து மடமடவென்று குடித்தார். உப்பு ஏற்ற வந்த டிராக்டர் ஒன்று காலி லாரியை இழுத்து வெளியே போட்டது. ஒரு பாத்திகூடக் கரையவில்லை.

கிளம்பும்போது கொட்டகைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, இதுக்கு முன்ன வந்த வண்டி ரோட்டு மேலயே நின்னுடும். இது எங்களுக்குக் கிட்டக்க. நாளைக்கும் இங்கயே வந்து மாட்டிக்கிறீங்களா?"

மறுநாளிலிருந்து கெட்டியான உப்புக் களத்திலேயே வண்டியை நிறுத்தினேன். சார் அந்த இடத்து நம்பரைப் பெட்டியில் ஏற்றினார். என்ன பெயர் போடட்டும் என்று கேட்டார். "அஞ்சலை" என்றேன். முதல் குடம் தினமும் அவருக்குத்தான்.

பெட்டி எங்களைத் தப்பாகக் கூட்டிப்போனதா, சரியாகக் கூட்டிப்போனதா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. இடம் சரி, திசையும் சரி. நடுவில் யாருடைய பிழைப்பு கிடக்கிறது என்பது மட்டும் அதன் திரையில் இல்லை. வண்டி ஓட்டும் தம்பிகளே, அதற்கு ஒரு தடவை கண்ணாடியை இறக்கி வெளியே கேட்டுவிடுங்கள்.