அட்டைச் சாவி

ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் எங்கள் வட்டாரச் சங்கம் புற்றுநோய் விழிப்புணர்வு விழாவைப் புதன்கிழமை காலையில் வைத்தது. சிறப்பு விருந்தினரான, அரசுப் பட்டம் பெற்ற டத்தோவுக்கு அன்றுதான் நேரம் இருந்ததாம். ஏழைப் பெண்களுக்கான விழா என்றது பதாகை. அந்தப் பெண்கள் அந்நேரம் தொழிற்சாலைகளில் இருந்தார்கள். மண்டபத்தை நிரப்பியது செயற்குழுவும் அவர்கள் குடும்பங்களும், எல்லாரும் இளஞ்சிவப்புச் சட்டையில்.

உண்மையான நோயாளி ஒருத்திதான் வந்திருந்தாள். என் அக்கா.

அக்கா நூறு கிலோமீட்டர் தள்ளி யோங் பெங் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இருக்கிறாள். அத்தான் பக்கவாதத்தில் படுத்திருப்பதால் என் வீட்டில் தங்க முடியாது. மார்பில் அறுவை முடிந்து, ஜொகூர் பாரு மருத்துவமனையில் வாரம் ஐந்து நாளும் கதிர்வீச்சு. இடையில் விடக் கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். விடியுமுன் வரும் ஒரே பேருந்து வராவிட்டால் அன்றைய சிகிச்சை போய்விடும். ஏற்கெனவே அப்படிப் போயிருந்தது.

அக்காவைக் கொண்டுபோய்வரச் சங்கத்திடம் வேன் கேட்டேன். அக்காவை விழாவுக்கு அழைத்து வாருங்கள், நோயாளிகளுக்கான வேனை டத்தோ மேடையிலேயே கொடுத்துவிடுவார் என்றார் செயலாளர். பதினோரு மணிக்குக் கதிர்வீச்சு என்றேன். ஒன்பதரைக்கெல்லாம் முடிந்துவிடும் என்றார்.

ஒன்பதரைக்கு டத்தோவின் மாலை மட்டும் வந்திருந்தது.

படமெடுப்பவர் அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகத்தில் ஏமாற்றம்.

"ஆன்ட்டி, முடி கொட்டலையா?"

"வைத்தியம் நெஞ்சுக்குத் தம்பி. மண்டைக்கு இல்ல."

தலையில் துண்டு கட்டிக்கொண்டால் படம் பார்ப்பவர்களுக்குப் புரியும் என்று பணிவாகக் கேட்டார். அக்கா கட்டிக்கொண்டாள். வேன் கிடைக்குமென்றால் மொட்டையே அடித்துக்கொள்வேன் என்று என் காதில் சொன்னாள்.

பத்தேகால் ஆயிற்று. நம் பெண்கள் சிகிச்சையைப் பாதியில் விடுவது அறியாமையால்தான் என்று பேச்சாளர் விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா துண்டை அவிழ்த்து, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். செயலாளர் ஓடி வந்தார்.

"டத்தோ பக்கத்துல வந்துட்டாராம்லா. நீங்க போயிட்டா வேன யாருகிட்ட குடுக்கிறது?"

"மெஷினு டத்தோவுக்காக நிக்காதுங்க," என்றாள் அக்கா.

அக்காவின் பெயரைக் கூப்பிடும்போதுதான் மருத்துவமனைக்குள் நுழைந்தோம்.

மாலையில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. டத்தோ வேனுக்கான ஆளுயர அட்டைச் சாவியை நீட்டுகிறார். அதே துண்டைத் தலையில் கட்டி, கண்கலங்கி அதை வாங்குகிறவர் செயலாளரின் மனைவி. அவருக்குச் சளிகூடப் பிடித்து நான் பார்த்ததில்லை. கீழே, 'நோயை வென்ற வீராங்கனை' என்று ஒரு வரி. குழுவே கைகூப்பியிருந்தது.

படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "துண்டு என்னவிட அவங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு. பாவம், சீக்கிரம் குணமாகட்டும்."

வேன் உண்மையிலேயே வந்தது. அதை மறைக்கக் கூடாது. பக்கவாட்டில் டத்தோவின் முகம், அக்கா வீட்டுக் கதவைவிட அகலமாக. ஆனால் ஓட்டுநர் தொண்டர். வார நாட்களில் அவருக்கு வேலை. ஆகவே சேவை சனி, ஞாயிறு மட்டும். கதிர்வீச்சோ திங்கள் முதல் வெள்ளி வரை. இதைச் செயலாளரிடம் சொன்னேன். மருத்துவமனையில் சிகிச்சை நாட்களை மாற்றித் தரச் சொல்லிப் பாருங்களேன் என்றார்.

அக்காவிடம் அதைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழம போயி, பூட்டின கதவத் தொட்டுக் கும்பிட்டுட்டு வரலாம் தம்பி."

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் வேனைப் பார்த்தேன். சங்க வாசலில் கழுவித் துடைத்து நின்றது. அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள். பேருந்து வரவில்லையாம்.