முகம் பார்க்க வந்தவர்கள்

சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் வார்டு சிஸ்டராக இருந்த காலத்தில், உயிரோடு இருக்கும் பேஷண்டுக்கு மாலை வந்தது ஒரே ஒரு தடவைதான்.

நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி ராமலிங்கத்துக்கு உணவுக்குழாயில் புற்றுக்கட்டி. கஞ்சிகூட இறங்கவில்லை. ஒளி சிகிச்சை செய்யலாம் என்றார் டாக்டர். முதலில் ஒரு மருந்தை நரம்பில் ஏற்றுவோம். அது கட்டியில் போய்த் தங்கும். இரண்டு நாள் கழித்து எண்டோஸ்கோப் வழியாக லேசர் வெளிச்சம் காட்டினால்தான் மருந்து வேலை செய்து கட்டியை அழிக்கும். சிக்கல் என்னவென்றால், மருந்து தோலிலும் தங்கிவிடும். வெயிலோ டார்ச்சோ பட்டால் முகம் வெந்து கொப்புளம் போடும். அதனால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி அறையை இருட்டாக்கினோம்.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் நம் ஊரில் முகத்தைப் பார்க்காமல் போவார்களா? ஹார்லிக்ஸோடு வந்த ஒவ்வொருவரும் செல்போன் டார்ச்சைத் தட்டினார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். போனவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆள் போய்விட்டார், பில்லுக்காக மறைக்கிறார்கள் என்று ஊரில் கிளப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒரு மினி வேன் நிறைய ஆட்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். முன்னால் ராமலிங்கத்தின் மனைவியுடைய தம்பி செல்வராஜ். துணைக்கு இருந்த அக்காவே வெளியே வந்து, அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்லியும் நம்பவில்லை.

"எங்க அக்கா அழாம நிக்குதுன்னா, அதுகிட்ட இன்னும் நீங்க சொல்லலன்னுதான அர்த்தம்?" என்று என்னையே மடக்கினார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒருவன் டார்ச் அடித்து முகம் வெந்தால் லேசர் தள்ளிப்போகும், அந்த மனுஷன் இன்னும் பட்டினி கிடப்பார். செல்வராஜின் போனைப் பிடுங்கிக்கொண்டு, அவரை மட்டும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். தடவித் தடவி அவர் ராமலிங்கத்தின் காலைத் தொட்டார். ஏசியில் கால் சில்லிட்டிருந்தது. "ஐயோ மாமா" என்று அவர் அலற, வெளியே இருந்த கூட்டமும் சேர்ந்துகொண்டது.

இருட்டிலிருந்து கரகரத்த குரல் வந்தது. "டேய் செல்வராசு, கால வுடுடா. நாளைக்கி லைட்டு காட்டுனா சோறு எறங்கும்ன்றாங்க. ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போறேன். அதுக்குள்ள என்னா அவசரம் ஒனக்கு?"

செல்வராஜ் காலை விடவேயில்லை. அழுகை மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது?

லேசர் நல்லபடியாக முடிந்தது. சில நாளில் ராமலிங்கத்துக்கு ரசம் சோறு இறங்கியது.

நான் பாடம் கற்றுக்கொண்டேன். அடுத்த பேஷண்ட் குமராட்சிக்காரர். மருந்து ஏற்றும் முன்பே அவருடைய சொந்தபந்தங்களை எல்லாம் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்து, "இப்பவே மொகத்த நல்லாப் பாத்துக்குங்க, அப்பறம் பாக்க முடியாது" என்றேன். ஆஸ்பத்திரியே அதிரும்படி ஒப்பாரி வைத்தார்கள். பேஷண்டும் சேர்ந்து அழுதார்.